பழைய காருக்குப் புதுக் கண்ணாடி: வீட்டிலேயே மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செந்தூலில் எங்கள் வீட்டு முன் கொட்டகையில் வைத்து 1969ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் பீட்டல் ஒன்றை மூன்று வருடமாகச் சீர்செய்தேன். முன் கண்ணாடி மாட்டியது ஒரு சனிக்கிழமை காலையில். அன்று மாலையே கோலாலம்பூரின் நாலு மணி மழை கொட்டியது. நின்றதும் போய்க் கதவைத் திறந்தால், ஓட்டுபவர் காலடிக் கம்பளம் சொதசொதவென்று நனைந்து கிடந்தது.

இஞ்சினுக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுப்போம். சாயத்துக்கும் அப்படித்தான். கண்ணாடியை மட்டும் கடைசியில் ஒரு காலை வேலை என்று நினைத்துவிடுகிறோம். மற்றவர்கள் காரில் நான் பார்த்ததும் என் காரில் நானே செய்ததுமான தவறுகளில் பாதிக்கு மேல், கண்ணாடி வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

அந்தக் காலத்துக் கார்களில் கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் சட்டம் இருக்கும். ரப்பரின் ஒரு பள்ளம் கண்ணாடியைக் கவ்வும், இன்னொரு பள்ளம் காரின் தகட்டு விளிம்பைக் கவ்வும். இன்றைய கார்களில் செய்வதுபோல ஒட்டும் வேலை அங்கே இல்லை. அதனால் எல்லாப் பாரத்தையும் தாங்குவது அந்த விளிம்புதான், முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். ரப்பருக்குள் புகுந்த தண்ணீர் நம் ஊர் ஈரப்பதத்தில் காய்வதே இல்லை. பினாங்குக் கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பழைய ரப்பரைக் கழற்றியதும் கீழ் மூலைகள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு செத்துவிட்டது.

இங்கேதான் பலர் புட்டி என்ற நிரப்புப் பசையைப் பூசி, தேய்த்து, சாயம் அடித்து மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புட்டி ஏறிய இடத்தில் விளிம்பு தடித்துப்போகும், ரப்பர் அங்கே முழுதாக உட்காராது. அந்த ஒரு புள்ளியில் கண்ணாடியின் மேல் அழுத்தம் விழும். மாட்டும்போது தப்பித்தாலும், பிறகு ஒருநாள் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மூலையிலிருந்து கீறல் ஓடிவிடும். துருத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, எப்போக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சும் சாயமும் அடித்து, அது நன்றாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும். நான் இரண்டு வாரம் விடுவேன். இறுகாத சாயத்தின் மேல் ரப்பரை ஏற்றினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு உரியும்.

வெல்டிங் பற்றி இன்னும் ஒன்று. பீட்டலில் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டிகளை மாற்றும்போது, கார் உடம்புக்கு உள்ளே குறுக்குக் கம்பி முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கார் தொய்ந்துவிடும். அப்புறம் கண்ணாடி வாயின், அதாவது கண்ணாடி உட்காரும் திறப்பின், வடிவமும் கோணிப்போகும். வெட்டுவதற்கு முன்பே மூலைக்கு மூலை குறுக்காக அளந்து எழுதி வையுங்கள். கண்ணாடி வந்ததும் ரப்பர் இல்லாமல் வாயின் மேல் வைத்து, சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்தது கண்ணாடி வாங்குவது. “பீட்டல் முன் கண்ணாடி” என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 1958 மாடலில் முன் கண்ணாடி பெரிதானது. 1965 மாடலில் மறுபடியும் பெரிதாகி, லேசாக வளைந்தும் வந்தது. 1973 மாடலாக வந்த 1303 என்ற பீட்டல் வகையின் கண்ணாடி நன்றாகவே வளைந்தது. பெயர் ஒன்றுதான், பொருத்தம் வேறு. பதிவு அட்டையில் உள்ள வருடத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். ஐம்பது வருடத்தில் எந்த உடம்பு எந்த அடிப்பகுதியில் ஏறியிருக்கிறது என்று யார் கண்டது? வாயை அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முன் கண்ணாடி என்றால் லேமினேட்டட் மட்டுமே. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால், உடைந்தாலும் சில்லுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். பழைய கார்கள் பலவற்றில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றிய டெம்பர்ட் கண்ணாடிதான் இருந்தது. கல் பட்டால் ஒரு நொடியில் முழுவதும் பொடிப்பொடியாகி, எதிரே சாலையே தெரியாது. தட்டைக் கண்ணாடி கொண்ட மிகப் பழைய கார் என்றால், லேமினேட்டட் தகட்டை அளவுக்கு வெட்டி விளிம்பு தேய்த்துத் தரச் சொல்லலாம். டெம்பர்ட் கண்ணாடியை அப்படி வெட்ட முடியாது, வெட்டினால் நொறுங்கிவிடும். வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியைக் காரில் மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

கண்ணாடியின் பலவீனம் அதன் ஓரத்தில் இருக்கிறது. நிறுத்திவைக்கும்போது சிமெண்ட் தரையில் மூலை தட்டிச் சின்னச் செதில் பெயர்ந்தாலும், மாட்டும்போது கீறல் அங்கிருந்துதான் கிளம்பும். பழைய கம்பளியை மடித்துப் போட்டு அதன் மேல் படுக்க வையுங்கள். கையுறை கட்டாயம்.

அப்புறம், வேலைகளின் வரிசை. பீட்டலில் கூரையின் உட்பக்கத் துணியின் ஓரம் கண்ணாடி விளிம்பில் ஒட்டப்பட்டு, அதன் மேல்தான் ரப்பர் ஏறும். துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியை மாட்டிவிட்டால், துணி போடுவதற்காகக் கண்ணாடியைத் திரும்பக் கழற்ற வேண்டியதாகிவிடும். பளபளக்கும் அலுமினியப் பட்டையும் அப்படித்தான், காரில் ஏற்றுவதற்கு முன்பே ரப்பரில் செருகியிருக்க வேண்டும். பழைய மினி காரில் இது நேர் எதிர். ரப்பரை இறுக்கும் பட்டையைக் கண்ணாடி உட்கார்ந்த பிறகு கடைசியில்தான் செலுத்துவார்கள். ஒரு காரில் பழகிய கை இன்னொரு காரில் தவறு செய்வது இதனால்தான்.

இனி கயிறு வேலை. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, தகட்டைக் கவ்வ வேண்டிய பள்ளத்தில் நாலைந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள வழுவழுப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி, இரு முனைகளும் கீழ் நடுவில் ஒரு சாண் ஒன்றன் மேல் ஒன்று வருமாறு விடுவோம். ஒருவர் வெளியே நின்று அழுத்துவார். மற்றவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே வரும். கயிற்றைத் தன் பக்கமாக இழுத்தால் ரப்பர் கிழியும். கண்ணாடியை ஒட்டியே, அதன் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி, கீழிருந்து மேலே போக வேண்டும்.

என் முதல் கண்ணாடி போனது இங்கேதான். மேல் மூலை ஏறவில்லை என்று முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டேன். “டிக்” என்று ஒரு சத்தம், கீறல் குறுக்கே ஓடிவிட்டது. இரண்டாவது கண்ணாடிக்கு உதவ வந்த பக்கத்து வீட்டு அண்ணன், “தம்பி, கையை விரிச்சு வை, உடம்பு பாரத்தால அழுத்து, அடிக்காதே” என்றார். லேமினேட்டட் கண்ணாடிக்கு இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை. ஏறவில்லை என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. நிறுத்துங்கள், கழற்றுங்கள், பாருங்கள்.

ரப்பர் ஏறுவதற்குச் சவுக்காரத் தண்ணீர் போதும், தாராளமாகப் பூசுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரையும் எண்ணெயையும் சேர்க்கக்கூடாது என்று சொல்லித்தரத் தேவையில்லை. விறைப்பான புது ரப்பரைச் சுடுதண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்தால் வளைந்துகொடுக்கும். உச்சி வெயிலில் சவுக்காரத் தண்ணீர் நொடியில் காய்ந்துபோகும். அதனால் பசியாறிய கையோடு காலையிலேயே நிழலில் தொடங்கிவிடுங்கள்.

கசிவு பயத்தில் சிலிக்கோன் பிதுக்குவது இன்னொரு பழக்கம். வினிகர் வாடை அடிக்கும் வகை இறுகும்போது அமிலத்தை விடும், சாயம் பெயர்ந்த இடத்தில் அது துருவைக் கூப்பிடும். இன்றைய கார்க் கண்ணாடிகளை ஒட்டும் பசையைப் போட்டால், அடுத்த முறை கண்ணாடியை உடைக்காமல் எடுக்க முடியாது. தேவைப்பட்டால் இறுகாமல் மெழுகுபோலவே இருக்கும் மாஸ்டிக் மட்டும் போடுங்கள்.

கதவுக் கண்ணாடிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஏறி இறங்கும் வெல்வெட் தடங்களைப் புதிதாக்குங்கள், கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைத் திறந்து வையுங்கள். கறுப்புத் தாள் ஒட்டுவதானால், முன் கண்ணாடியில் குறைந்தது 70 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதி.

மாட்டி முடித்ததும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை மெதுவாக, முதலில் கீழ் விளிம்பில், பிறகு மேலே விட வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சும் உலர்ந்த டிஷ்யூவுமாக உட்கார்ந்து, எது முதலில் நனைகிறது என்று பார்க்க வேண்டும். என் காரில் அப்படிப் பார்த்தபோது ரப்பர் முழுக்கக் காய்ந்தே இருந்தது. 1968 மாடலிலிருந்து பீட்டலில் கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போக ஒரு வழி வைத்தார்கள். அதில் இறங்கும் மழைத் தண்ணீர் ரப்பர் குழாய் வழியாக வெளியேற வேண்டும். எங்கள் தெரு மழைமரத்தின் சின்னச் சின்ன இலைகள் அந்தக் குழாயை அடைத்திருந்தன. ஒரு கம்பியை விட்டு இழுத்ததும் கைப்பிடி அளவு கறுத்த மக்கு வந்து விழுந்தது.