பழைய டிராயர் அலமாரியைக் குழந்தைகள் அறைக்குத் தயார் செய்வது எப்படி

பழைய டிராயர் அலமாரியைப் புதுப்பிப்பதில் பெயின்ட் அடிப்பதுதான் கடைசி வேலை, சுலபமான வேலையும் அதுதான். மீதி நேரமெல்லாம் கழுவவும் தேய்க்கவும் பட்டி பார்க்கவும் காயவிடவும் போய்விடும். அதில் எதைச் சுருக்கினாலும் 2 மாதத்தில் டிராயர் ஓரத்தில் பெயின்ட் உரியத் தொடங்கும்.

வாங்குவதற்கு முன்பே டிராயர்களை வெளியே இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்து, அவற்றின் கீழே மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. தண்ணீரில் ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டும் (மரத்துகள்களைப் பசையால் அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். அது மறுபடி பழைய கனத்துக்கு வராது, அதில் திருகாணியும் பிடிக்காது. ஆடும் கால், கழன்ற மூட்டு, உடைந்த கைப்பிடி எல்லாம் சரிசெய்யக்கூடியவை. அவற்றுக்காக நல்ல அலமாரியை விட்டுவிட வேண்டியதில்லை.

குழந்தை பயன்படுத்தப் போகும் சாமான் என்பதால் அடுத்த கேள்வி ஈயம். பழைய எண்ணெய் பெயின்ட்களில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்கள் கலந்தார்கள். பல நாடுகளில் இன்றைய வரம்பு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு. பழைய பூச்சுகளில் இதைப்போல் நூறு மடங்குக்கு மேலும் இருந்ததுண்டு. மேலே புதுப் பூச்சு இருந்தாலும் அடியில் பழையது ஒளிந்திருக்கும். ஆகவே ஈயச் சோதனைக் கிட்டால் சோதிக்கும்போது மேற்பரப்பை மட்டும் துடைத்துப் பார்த்தால் போதாது. கத்தியால் மரம் தெரியும்வரை சாய்வாகக் கீறி, எல்லா அடுக்கும் தெரிகிற இடத்தில் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஈயம் இருப்பது உறுதியானால் உப்புத்தாள் போடவே கூடாது. தூள்தான் ஆபத்து. அந்த அலமாரியைக் குழந்தைகள் அறைக்குக் கொண்டுவராமல் விடுவதே எங்கள் யோசனை.

ஈயம் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு டிராயரின் பின்பக்கமும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். பழைய அலமாரிகளில் ஒரு டிராயர் இன்னொன்றின் இடத்தில் சரியாக உட்காராது. கைப்பிடிகளைக் கழற்றுங்கள். பிறகு, தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். இந்த வரிசையைத்தான் பலர் மாற்றிவிடுகிறார்கள். கைப்பிசுக்கும் மெழுகும் இருக்கும்போது தேய்த்தால் உப்புத்தாள் அவற்றை மரத்துக்குள்ளேயே திணித்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியைப் பிழிந்து துடைத்து, சுத்தமான நீரில் இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள். பர்னிச்சர் பாலிஷ் போட்ட அலமாரி என்றால் டர்பன்டைனால் துணியை மாற்றி மாற்றி இருமுறை துடைக்க வேண்டும். பாலிஷில் உள்ள சிலிக்கோன் மிச்சம் இருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, சின்னச் சின்னக் குழிகளாக நிற்கும்.

தேய்ப்பது பலகையைப் பொறுத்தது. டிராயர் முன்பலகையின் விளிம்பைப் பாருங்கள்: மேல்முகத்து ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் தாள் கனத்தில் ஓர் அடுக்கு தனியாகத் தெரிந்தால் வெனீர், அதாவது வேறு பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. முழு மரத்தில் பெயின்ட் உரிந்து கிடந்தால் 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180-இல் முடிக்கலாம் (எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்). வெனீர் பெரும்பாலும் 1 மி.மீ. கூட இருக்காது, தேய்க்கும் மெஷின் போட்டால் நொடியில் ஓட்டை விழும். அதற்குக் கையால் 180 போதும். லேமினேட் (பலகைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் போன்ற தகடு), பழைய வார்னிஷ் இரண்டையும் முழுக்கச் சுரண்ட வேண்டாம், பளபளப்பு போய் மங்கினால் போதும். ரேகை ஓடும் திசையில் மட்டும் தேயுங்கள். என்95 முகக்கவசம் அவசியம்.

பள்ளங்களுக்கு மரப் பட்டி. ஆழம் 3 மி.மீ.-க்கு மேல் என்றால் ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, பிறகு சுருங்கிக் குழியும். கைப்பிடியை மாற்றுவதானால் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து வாங்குங்கள். 96, 128 மி.மீ. அளவுகள் எளிதில் கிடைக்கும். பழைய அளவே கிடைத்தால் பட்டி வேலையே மிச்சம்.

தேக்கு, மஹோகனி, ஓக் போன்ற மரங்களிலும் பைன் மரத்தின் கணுக்களிலும் உள்ள சாறு, தண்ணீர் கலந்த பிரைமரில் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கரைந்து மேலே வந்து மஞ்சள் கறையாகத் தெரியும். வெள்ளை பெயின்ட் எத்தனை கோட் அடித்தாலும் மறையாது. இதற்கு ஷெல்லாக் (அரக்கு) பிரைமர்தான் மருந்து. டிராயர்களுக்குள் பழைய வாடை அடித்தால் அங்கேயும் ஒரு கோட் ஷெல்லாக் அடித்து அடைத்துவிடலாம்.

90 செ.மீ. உயரம், 80 அகலம், 45 ஆழம் உள்ள அலமாரியில் முன்பக்கம், இரு பக்கவாட்டுகள், மேல்பலகை சேர்த்துச் சுமார் 2 ச.மீ. வரும். பிரைமர் அரை லிட்டர், பெயின்ட் அரை லிட்டர் போதும், மிஞ்சவும் செய்யும். தண்ணீரில் கரையும் இனாமல் வாங்குங்கள். சுவர் பெயின்ட் வேண்டாம், அது தேய்மானம் தாங்காது. சிறு குழந்தை விளிம்பைக் கடிக்கும் வயதென்றால், காய்ந்தபின் பொம்மைகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இ.என். 71-3-க்குப் பொருந்தும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள். 4 அங்குல ஃபோம் ரோலரில் மெல்லிய கோட்டாக இரண்டு. இடையில் 320 தாளால் லேசாகத் தடவித் தூசியைத் துடைத்துவிடுங்கள். கனமாக ஒரே கோட் அடித்தால் செங்குத்துப் பக்கங்களில் வழியும்.

டிராயரின் பக்கவாட்டிலும் அது ஓடும் பாதையிலும் பெயின்ட் வேண்டாம். பிரைமரும் பெயின்டுமாக 4 கோட் இருபுறமும் சேர்ந்தால் கால் மி.மீ.-க்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். இறுக்கமான டிராயருக்கு அதுவே சிக்கிக்கொள்ளப் போதுமானது. மரப் பாதையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெயின்ட் முழுதாக இறுக 3, 4 வாரம் ஆகும். அதற்குள் டிராயர்களை மூடிவைத்தால் முன்பலகை சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது தோல் உரிந்து வரும். சிறிது திறந்தே வையுங்கள். மேலே கனமான எதையும் வைக்காதீர்கள்.

அறைக்குள் வைக்கும் அன்றே சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகளுக்குத் திறந்த டிராயர் ஒரு படிக்கட்டு. ஏறினால் பாரம் முன்பக்கம் சேர்ந்து அலமாரி கவிழும். பின்பக்கத்து மெல்லிய பிளைவுட்டில் சுவரோடு பிணைக்கும் எல் கிளிப்பை (எல் வடிவ உலோகப் பட்டை) திருகினால் பிய்ந்துவிடும். மேல் சட்டத்தின் முழு மரத்தில், இரண்டு இடங்களில் பிடிக்க வேண்டும். செங்கல் சுவரானால் பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை துளைத்து, பிளக் அடித்துத் திருகுங்கள். துணிகளில் கனமானவை கீழ் டிராயருக்கு. குழந்தையின் கண்ணை இழுக்கும் பொம்மை எதுவும் அலமாரியின் உச்சியில் இருக்கக் கூடாது.