குழந்தையின் நெஞ்சில் முதல் ஸ்கேன்: படுக்கையருகு அல்ட்ராசவுண்ட் பழகும் முறை

சிகிச்சை அளிக்கும் மருத்துவரே குழந்தையின் அருகில் நின்று, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு உடனடியாக விடை தேடுவதே படுக்கையருகு அல்ட்ராசவுண்ட். கதிரியக்க மருத்துவர் செய்யும் முழுமையான ஸ்கேனுக்கு இது மாற்று அன்று. "இந்தப் பக்க நுரையீரல் அசைகிறதா?", "நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கிறதா?" என்று ஆம், இல்லை என விடை வரும் கேள்வியோடு புரோபை (உடலின் மீது வைக்கும் ஸ்கேன் கருவியின் கைப்பிடிப் பகுதியை) எடுப்பவர் விரைவில் தேறிவிடுவார். ஆர்வத்தில் பலர் இதயத்திலிருந்து தொடங்குகிறார்கள். நுரையீரலில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெல்லியது என்பதால் படம் தெளிவாகக் கிடைக்கும். கதிர்வீச்சு இல்லாததால் அதே இடத்தை மாலையிலும் மறுநாளும் மீண்டும் பார்க்கலாம்.

முதல் படி: கருவியை அமைத்தல்

பச்சிளங்குழந்தைக்கும் கைக்குழந்தைக்கும் அதிக அதிர்வெண் கொண்ட, முகம் தட்டையான லீனியர் புரோப் பொருத்தமானது. அதிர்வெண் கூடக்கூட ஒலி ஆழமாகச் செல்லாது, ஆனால் நுணுக்கம் கூடும். நமக்கு வேண்டியதோ தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. திரையின் ஆழத்தை 3 முதல் 5 செ.மீ. வரை வைத்துக்கொள்ளுங்கள். படத்தை மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள். நுரையீரலைப் பொறுத்தவரை நாம் படிப்பதே பிம்பப் பிழைகளை, அதாவது ஒலி எதிரொலிப்பதால் திரையில் உண்டாகும் போலிக் கோடுகளைத்தான், மெருகேற்றினால் அவை மங்கிவிடும்.

இரண்டாம் படி: குழந்தையைத் தயார் செய்தல்

புதிதாகப் பழகுபவர்கள் அவசரப்படும் இடம் இதுதான். ஸ்கேன் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான். கைகளையும் புரோபையும் சுத்தம் செய்தபின், ஜெல்லைச் சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த ஜெல் பட்டதும் குழந்தை வீறிட்டு அழும். அழும் குழந்தையின் நெஞ்சில் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. குறைமாதக் குழந்தைக்கு உடல் வெப்பம் இழப்பதே ஆபத்து என்பதால், போர்வையைத் தேவையான அளவு மட்டும் விலக்குங்கள். பச்சிளங்குழந்தைக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய ஜெல்லே பாதுகாப்பானது. சற்று வளர்ந்த குழந்தையைத் தாயின் மடியிலோ தந்தையின் தோளிலோ வைத்தே பார்க்கலாம். தோளில் சாய்ந்திருக்கும்போது முதுகுப்புறம் முழுவதும் நமக்குக் கிடைத்துவிடும்.

புரோபை எழுதுகோல் போல நுனியருகே பிடித்து, சுண்டுவிரலையும் உள்ளங்கையின் ஓரத்தையும் படுக்கையின் மீது ஊன்றிக்கொள்ளுங்கள். கையின் பாரம் குழந்தையின் மேல் இறங்கக் கூடாது. சிறிய குழந்தைக்கு அந்த அழுத்தமே மூச்சு விடுவதைத் தடுக்கும்.

மூன்றாம் படி: இயல்பான படத்தை அறிதல்

புரோபின் குறி தலையை நோக்கி இருக்கும்படி, நெஞ்சின் முன்புறத்தில் நெட்டாக வையுங்கள். இரண்டு விலா எலும்புகளும், அவற்றின் கீழே இறங்கும் கருநிழல்களும் தெரியும். அவற்றுக்கு நடுவே, சற்றுக் கீழே மின்னும் வெள்ளைக் கோடுதான் ப்ளூரா கோடு; ப்ளூரா என்பது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை. இந்த மூன்றும் ஒரே படத்தில் வராதவரை மேலே செல்ல வேண்டாம்.

இப்போது கையை அசைக்காமல் அந்தக் கோட்டையே பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது மினுமினுத்தபடி முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும். நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு உரசி நகர்வதன் அடையாளம் அது. கோட்டுக்குக் கீழே, தோலிலிருந்து ப்ளூரா வரை உள்ள அதே அளவு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரும் கிடைக்கோடுகள் ஏ கோடுகள். அங்கே காற்று இருப்பதை அவை சொல்கின்றன.

நான்காம் படி: மாறுதல்களைப் படித்தல்

ப்ளூராவில் தொடங்கித் திரையின் அடிவரை இறங்கும் செங்குத்தான ஒளிக்கற்றைகள் பி கோடுகள். ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரலில் ஈரம் கூடியிருக்கலாம். பிறந்த முதல் நாளில், கருவில் இருந்த நுரையீரல் நீர் முழுவதும் வடியாததால், நலமான குழந்தையிடமும் இவை தெரியும். நிமோனியாவில் காற்றிழந்த பகுதி கல்லீரலைப் போலத் திடமாகத் தெரியும். அதற்குள் மூச்சோடு நகரும் வெண்ணிறக் காற்றுப் புள்ளிகள் இருந்தால் நிமோனியா என்ற எண்ணம் வலுப்படும்.

கைக்குழந்தைகளிடம் ஒரு பொறி உண்டு. மார்பெலும்பின் அருகே இருக்கும் தைமஸ் சுரப்பியும் திடமாகவே தெரியும் என்பதால், அதை நிமோனியா என்று எளிதில் தவறாக எண்ணிவிடலாம். தைமஸின் ஓரம் சீராக இருக்கும். காற்றுப் புள்ளிகள் மூச்சோடு அதற்குள் நகராது.

வழுக்கல் தெரியவில்லை என்றவுடன் நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே காற்று சேர்வது) என்று முடிவுகட்டி, காற்றை வெளியேற்ற ஊசியை எடுக்கக் கூடாது. செயற்கைச் சுவாசக் குழாய் வலப்பக்க மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருந்தாலும் இடது நுரையீரல் அசையாது. அப்போது ப்ளூரா கோடு இதயத் துடிப்புக்கு ஏற்பத் துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தாலோ, பி கோடு ஒன்று தெரிந்தாலோ, புரோப் வைத்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை. வழுக்கும் பகுதியும் வழுக்காத பகுதியும் சந்திக்கும் புள்ளி கிடைத்தால்தான் நியூமோதோராக்ஸ் உறுதியாகும்.

ஐந்தாம் படி: பயிற்சி

நலமான குழந்தைகளை நிறையப் பார்த்தபின்பே நோயைத் தேடுங்கள். இரு பக்கமும் முன், பக்கவாட்டு, பின் பகுதிகளை ஒரே வரிசையில் பார்த்து, சிறு காணொளிகளாகச் சேமித்து, அனுபவமுள்ளவரிடம் காட்டித் திருத்தம் பெறுங்கள். ஐரோப்பியக் குழந்தைகள் தீவிர சிகிச்சைச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களையும் அருகில் வைத்துக்கொண்டு பழகலாம். ஸ்கேன் முடிந்ததும் ஜெல்லை மென்துணியால் துடைத்துக் குழந்தையைப் போர்த்திவிட்டு, அடுத்த குழந்தையிடம் செல்லும் முன் புரோபையும் அதன் கம்பியையும் கிருமி நீக்கம் செய்யுங்கள்.