ஐப்பசி மழைக்கு முன் தோட்டத்தில் செய்யக்கூடாதவை

சித்திரை வெயிலில் செடியைக் காப்பாற்றிய அதே வேலைதான் ஐப்பசியில் அதைக் கொல்லும். வேரைச் சுற்றிக் கட்டிய வட்டப் பாத்தியைச் சொல்கிறேன். கோடையில் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் ஓடிவிடாமல் இருக்கக் கரை கட்டினோம், சரி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியும் அந்தக் கரை அப்படியே இருந்தால், பாத்தி குளமாகிவிடும்.

முதலில் போவது பப்பாளி. தண்டைச் சுற்றி ஓரிரண்டு நாள் தண்ணீர் நின்றாலே அடி அழுகத் தொடங்கும். இலை மஞ்சளாகி, காயோடு மரம் சாயும்போது "காத்துல விழுந்துடுச்சு" என்போம். விழுந்த மரத்தின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள், கூழாக இருக்கும். நானும் இரண்டு மரத்தைப் பறிகொடுத்த பிறகுதான் அழுத்திப் பார்த்தேன். செப்டம்பர் கடைசியிலேயே கரையைப் பள்ளமான பக்கம் வெட்டிவிட்டு, தண்டை ஒட்டிக் கிடக்கும் மூடாக்குச் சருகையும் ஒரு சாண் தள்ளிவிடுங்கள்.

அடுத்து முருங்கை. நீண்ட கிளைகளைக் கழிக்காமல் விட்டால் முதல் காற்றிலேயே முறியும். முறியும்போது பட்டையையும் கிழித்துக்கொண்டு வரும். மழைக்கு முன்பே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பிவிடுவது வழக்கம். மழைக்காலத்தில் பகலில் கம்பளிப்பூச்சிகள் அடிமரத்தில் அப்பிக் கிடக்கும். பந்தம் பிடிப்பது பழைய வழிதான், ஆனால் கோபத்தில் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் பூச்சியோடு பட்டையும் வெந்துவிடும்.

தென்னையில் நேர்மாறான தவறு. புயல் பயத்தில் பச்சை ஓலையையும் வெட்டி மொட்டையடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை இருக்கிறது. ஓலை போனால் குலையைத் தாங்க ஆளில்லை. காய்ந்த மட்டையும் முற்றிய காயும் இறங்கினால் போதும்.

காரைத் தரையை மரத்தின் அடிவரை இழுத்துப் போடுவதைப் பற்றி என்ன சொல்ல! 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று எங்கள் தெருவில் சாய்ந்த புங்கமரம் சிமெண்டுப் பலகையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு விழுந்தது. வேர் அகலமாகப் பரவ வழியே இருக்கவில்லை.

யூரியாவை மழைக்கு முதல் நாள் போட்டால் உரம் சாக்கடைக்குத்தான். மழை ஓய்ந்து, மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள்.

குண்டுமல்லியைக் கவாத்து செய்யக் கை அரிக்கும். நவம்பர் கடைசி வாரம் வரை பொறுத்து, முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள்.

அப்புறம், தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து கொசுவாகப் பத்து நாள்கூடத் தேவையில்லை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஜனவரி வரை பரணில் கவிழ்த்து வையுங்கள்.