குப்புறப் போட்டதும் அழுகிற குழந்தைக்கு: எங்கள் வீட்டில் பலித்த முறை

என் மகன் 34 வாரத்திலேயே பிறந்துவிட்டான். நான்கு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை. எந்நேரமும் வலது பக்கமே திரும்பிப் படுத்திருப்பான். கோபியில் என் அம்மா வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "தலை நின்னுருச்சுங்களா?" என்றே கேட்டார்கள். குழந்தை மருத்துவர் எங்களை, கை கால் அசைவுக்கும் அன்றாடச் செயல்களுக்கும் பயிற்சி தரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்பினார். கழுத்துக்குப் பலம் வர, தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டுப் பழக்கச் சொன்னார். அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. நிறைமாதம் 40 வாரம். இவன் 6 வாரம் முன்னால் வந்தவன், அதனால் நான்கு மாதத்தில் அந்த ஆறு வாரத்தைக் கழித்து, இரண்டரை மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை வளர்ச்சியை இப்படித்தான் பார்ப்பார்கள். இது தெரிந்ததுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அடுத்து, குப்புறப் போடும் இடம். மெத்தையும் சோபாவும் வேண்டாம். குழந்தையின் முகம் புதையும், கை ஊன்றவும் பிடிமானம் இருக்காது. தரையில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே பழைய பருத்தி வேட்டியைச் சுருக்கமில்லாமல் விரித்துவிடுங்கள். கடையில் விற்கும் ரப்பர் விரிப்பையும் வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஜமக்காளம்தான் பிடித்தது. பால் குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். குழந்தை முழித்திருக்கும்போது மட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருந்து செய்யுங்கள். தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான்.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த படியில். குப்புறப் போட்டால் அரை நிமிடத்தில் முகம் சிவந்து அழுவான். அம்மா பதறிப்போய், "அழுகுது கண்ணு, எடுத்துரு" என்பார். நானும் எடுத்துவிடுவேன். பத்து நாள் இப்படியே போனது. தெரபிஸ்ட் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கையைப் பாருங்க" என்றார். அவன் இரண்டு கையும் பின்னால் போய் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. முழங்கை ஊன்றாமல் தலையைத் தூக்க அந்தக் கழுத்துக்கு ஏது பலம்?

ஒரு துண்டை என் மணிக்கட்டுப் பருமனுக்கு இறுக்கிச் சுருட்டி, அவன் நெஞ்சுக்குக் கீழே, அக்குளை ஒட்டி வைத்தார். இரண்டு கையையும் துண்டுக்கு முன்னால் எடுத்துவிட்டு, முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே ஊன்ற வைத்தார். அப்புறம் தன் உள்ளங்கையை அவன் புட்டத்தின் மேல் வைத்து, கால் பக்கமாக மெதுவாக அழுத்தினார். உடம்பின் பாரம் பின்னால் போனதும் தலை லேசாகிவிடுகிறது. இரண்டு மூன்று மூச்சு விடும் நேரம்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தலையை எழுப்பி, எதிரே படுத்திருந்த என் முகத்தைப் பார்த்தான்.

துண்டு விஷயத்தில் என் பிடிவாதம்: மெல்லிய சென்னிமலைத் துண்டுதான் சரி. டர்க்கி டவல் அமுங்கிப் போய்விடும். உங்கள் முகம் ஒரு சாண் தூரத்தில், குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். கிலுகிலுப்பையை விட உங்கள் முகத்தைத்தான் குழந்தை விரும்பும்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, ஒரு நாளில் பிரித்துப் பிரித்து மொத்தம் அரை மணி நேரமாவது. நாங்கள் ஒரு நிமிடத்தில் ஆரம்பித்தோம். அழுகை கூடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று நான் கேட்டபோது, தெரபிஸ்ட் என் அம்மா பக்கம் திரும்பி, "நீங்க எப்படிங்கம்மா குளிக்க வைக்கறீங்க?" என்றார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து காட்டினார். குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பது நம் பக்கத்து அம்மாயிகள் எல்லோருக்கும் கைவந்த வேலை. "இதுதாங்கம்மா பயிற்சி. ரெண்டு நிமிஷம் கூடுதலா வெச்சுத் தேய்ங்க" என்றார். அன்றிலிருந்து "எடுத்துரு" என்ற பேச்சே அம்மாவிடம் இல்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் தெரபிஸ்ட் நிறுத்தச் சொன்னார். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும்.

வலது பக்கமே திரும்புவதற்கு: படுக்கையில் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினோம். சுவர் வலப்பக்கம் வந்ததும், ஆளைப் பார்க்க இடது பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்? தூரியில், அதாவது சேலைத் தொட்டிலில், போடுவதையும் குறைத்தோம். அதில் சுருண்டு கிடந்தால் குழந்தைக்குக் கையை ஊன்ற இடமே இல்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு தாய், தன் குழந்தை குப்புறப் போட்டதும் வில் மாதிரி பின்னால் வளைந்து விறைக்கிறது என்று எழுதியிருந்தார். அடிக்கடி அப்படி என்றால் துண்டு சுருட்டிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வயதைக் கழித்துப் பார்த்தும் நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, மூன்று மாதம் தாண்டியும் கை எந்நேரமும் மூடியே இருக்கிறது, கால் கத்தரி போல் பின்னிக்கொள்கிறது என்றாலும் அப்படித்தான்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், இதற்கென்றே மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அமைத்திருக்கிறார்கள், சிகிச்சை இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துப் போங்கள். வீட்டில் குழந்தையைக் குளிக்க வைப்பவரையும் கூடவே கூட்டிப் போங்கள்.