கொடிமலை ஏறும் முன் இறங்கும் நேரத்தைப் பாருங்கள்

போன பள்ளி விடுமுறையில், பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில், கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலின் அடிவார நிலையத்தில் ஓர் இளம் தம்பதியைப் பார்த்தேன். மாலை நான்கு மணி. அப்பாவின் தோளில் மூன்று வயதுப் பையன், தள்ளுவண்டியில் கைக்குழந்தை. "மேல குளுகுளுன்னு இருக்கும்மா, ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவோம்" என்று அந்தப் பெண் கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் மூத்தவனுக்கு அதே வயதாக இருந்தபோது, ஏறக்குறைய அதே இடத்தில் நின்று நானும் என் அம்மாவிடம் இதையேதான் சொன்னேன்.

தொப்பி, தண்ணீர், மாற்றுத்துணி பற்றி எழுதப்போவதில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளோடு வெளியே கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற வேறு தவறுகள் இருக்கின்றன.

போவதை மட்டும் திட்டமிடுவது

எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம், எங்கே படம் எடுக்கலாம் என்று ஒரு வாரமாகப் பேசுவோம். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்.

கொடிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011இல் புதிய பெட்டிகள் வந்தபிறகு நேராக உச்சிக்கே போய்விடலாம். ஆனால் பாதை ஒன்றுதான், பெட்டிகள் இரண்டுதான். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவில் ஓரிடத்தில் விலகிக்கொள்ளும். ஒரு பெட்டியில் ஏறக்குறைய 100 பேர். காலையிலிருந்து மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறார்கள். இறங்குவது அப்படியல்ல. மழை வந்தாலோ பொழுது சாய்ந்தாலோ மேலே இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வரிசைக்கு வந்துவிடுவார்கள். எவ்வளவு கூட்டம் சேர்ந்தாலும் இரண்டு பெட்டிகள்தான்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. மூன்று மணிக்கு ஏறினோம். முருகன் கோயிலில் கும்பிட்டோம், அங்கிருந்து தீவையும் பாலத்தையும் பார்த்தோம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஐந்து மணிக்கு இடியோடு மழை கொட்டியது. கீழே இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். பிளாஸ்க்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. பையிலிருந்த கடைசி பெம்பர்ஸும் ஈரமாகிவிட்டது. மூத்தவன் என் தோளிலேயே தூங்கிப்போனான், எட்டு மாதச் சின்னவள் வீறிட்டு அழுதாள். பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அது அவர்கள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். காருக்கு வந்ததும் சின்னவளை அவள் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை போட்டேன். உடம்பை வில்லாக வளைத்து அழுதாள். "தொண்ட வறண்டு போவுது பிள்ளைக்கி, இப்படிக் குடும்மா" என்று என் மாமியார் கை நீட்டினார். எனக்கும் தெம்பு இல்லை, அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். ஜெலுத்தோங் பக்கம் வரும்போது ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. என் கணவர் பிரேக்கை அழுத்தினார். மாமியார் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அப்படியும் அவள் நெற்றி முன்னிருக்கையின் முதுகில் மோதியது. வீக்கத்தோடு போயிற்று. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

வெறும் பிரேக்குக்கே இப்படி. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ பிள்ளை உங்கள் கையை ஏறக்குறைய 140 கிலோ பாரத்தோடு இழுக்கும். எந்தப் பாட்டியின் கையும், எந்த அப்பாவின் கையும் அதைத் தாங்காது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சொந்தக் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். இருக்கை பல கார்களில் இருக்கத்தான் செய்கிறது. போகும்போது பிள்ளை அதில் உட்கார்ந்தும் வருகிறது. திரும்பும்போதுதான், எல்லாரும் களைத்துப்போன நேரத்தில், மடிக்கு மாறிவிடுகிறது. அழுகை தாங்கவில்லையென்றால் காரை ஓரமாக நிறுத்துங்கள். தூக்குங்கள், பால் கொடுங்கள், அடங்கியபிறகு மறுபடி பட்டையைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு அரை மணி தாமதமாகப் போனால் போகட்டும்.

இப்போது நான் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறேன். பிள்ளை ஒரு மணிக்குத் தூங்குமா? அப்படியென்றால் பன்னிரண்டரைக்கு எல்லாரும் காரில் இருக்க வேண்டும். பதினொன்றரைக்கு இறங்கும் வரிசையில் நிற்க வேண்டும். அப்படியானால் காலை எட்டு மணிக்காவது ஏறியிருக்க வேண்டும். வீட்டிலேயே பசியாறிவிட்டுக் கிளம்பலாம், ரயில் விடியும்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஏறிப் பாருங்கள், மேலே பனிமூட்டம்கூட இருக்கும். எட்டு மணிக்குக் கிளம்ப முடியாத நாளில் நாங்கள் கொடிமலைக்குப் போவதில்லை.

தண்ணீர்மலைக்குத் தள்ளுவண்டி

மலைமேல் இருக்கிற முருகன் கோயிலுக்கு 513 படிகள். தள்ளுவண்டியைக் காரிலேயே விடுங்கள்.

குரங்குக்கு முன் பிளாஸ்டிக் பை

தாவரவியல் பூங்காவின் நீண்டவால் குரங்குகளுக்குப் பை என்றாலே தீனிதான். பிள்ளை கையில் பிஸ்கட்டும் வேண்டாம்.

பத்து பெரிங்கி கடற்கரையில் பிள்ளையை அப்படியே கடலில் இறக்கிவிடுவது

பினாங்குக் கடலில் ஜெல்லிமீன் உண்டு, கடுமையாகக் கொட்டுகிற பெட்டி ஜெல்லிமீனும் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் மணலில் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், அதன் மேல் வினிகரை நன்றாக ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரே இடத்தை நம்பிக் கிளம்புவது

அன்று அந்தப் பெண்ணிடம் இறங்கும் வரிசையைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "ரயிலு ரயிலுன்னு ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருக்கான்க்கா, இப்ப எப்படித் திருப்பிக் கூட்டிப் போறது?"

பிள்ளையிடம் ஓர் இடத்தின் பெயரை மட்டும் சொல்லி ஆசை காட்டினால் இந்தச் சிக்கல் வரும். இரண்டாவது இடம் ஒன்று எப்போதும் மனத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது பட்டர்வொர்த் பெரி, தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பயணிகள் படகு. 1894இலிருந்து ஓடுகிறது. ஒரு தடவை கடக்கக் கால் மணி நேரம் போதும். காற்று வரும், கப்பல்கள் தெரியும், அக்கரையில் இறங்கி அடுத்த பெரியில் திரும்பிவிடலாம். பிள்ளை அழத் தொடங்கினால்கூட கரை பக்கத்திலேயே இருக்கிறது.

அதைச் சொன்னேன். அவள் கணவனைப் பார்த்தாள், அவர் பையனைக் கீழே இறக்கி, "தம்பி, கப்பல் பார்க்கப் போலாமா?" என்று கேட்டார்.

"பெரிய கப்பலா?" என்றான் பையன். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள்.