மெட்டல் கச்சேரிக்குப் போகுமுன் காதுக்கு ஒரு சோடி

நாள் முழுக்க மெட்டல் எனும் பேரிரைச்சல் ராக் இசைக்குழுக்களைக் கேட்க வன்னியிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறுகிறவர்கள், பாமசியில் ஒரு சோடி நுரை இயர் பிளக் (காதடைப்பான்) வாங்கிப் பையில் போடுங்கள். அதை விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மற்றக் கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, நுரை விரிந்து துளையை அடைக்கும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா காது வாசலில் சொருகினால் பயனில்லை. பஞ்சும் அப்படித்தான்.

சத்தத்தை அளப்பது டெசிபலில். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபலில் 15 நிமிடம்தான் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. மேடைக்கு முன்னால் 100 சாதாரணம். பாட்டுக் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். கிட்டார் கொஞ்சம் மங்கும், ட்ரம் நெஞ்சில் இடிக்கத்தான் செய்யும்.

காதில் வலியோ சீழோ இருந்தால் போடக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் காதை மூடும் மஃப்தான் சரி. அப்புறம், திரும்பி வரும் இரவு பஸ்ஸில் இதைப் போட்டுத் தூங்கினால், கொண்டக்டர் ‘மாங்குளம் இறங்கு’ என்று கத்துவதும் கேட்காது.