"உப்பு இருக்காம்!" எந்த உப்பு? டாக்டர் பேச்சையும் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் புரிந்துகொள்வது எப்படி

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் நம் ஊரில் அடிக்கடி வரும் பதில், "உப்பு இருக்காம்." உடனே ஊறுகாய் பாட்டில் பரண் ஏறிவிடும், குழம்பில் உப்பு பாதியாகிவிடும், பக்கத்து வீட்டு அத்தை வாழைத்தண்டு ஜூஸோடு வந்து நிற்பார். எந்த உப்பு என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒரே சொல்லை நாம் குறைந்தது நான்கு விஷயங்களுக்குச் சொல்கிறோம்.

ஒன்று, ரத்தத்தில் கிரியேட்டினினும் யூரியாவும் கூடியிருப்பது. இவை சமையல் உப்பே கிடையாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, யூரியா புரதத்திலிருந்து வரும் கழிவு, இரண்டையும் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும், முடியாதபோது ரத்தத்தில் தேங்கும். இரண்டு, சிறுநீரில் ஆல்புமின் போவது. ரிப்போர்ட்டில் டிரேஸ், 1+, 2+ என்று போட்டிருக்கும், "யூரின்ல உப்பு போகுது" என்பார்கள், அதுவும் உப்பு இல்லை, புரதம். சர்க்கரை ரொம்ப நாளாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான். கர்ப்பிணிக்கு பிரஷரோடு சேர்ந்து இது வந்தால் தள்ளிப்போடவே கூடாது. மூன்று, "காலில் உப்பு நீர்", அதாவது வீக்கம். அதற்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல், சில பிரஷர் மாத்திரைகள் என்று காரணங்கள் பல.

நான்காவதுதான் நிஜமான உப்பு, சோடியம். ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர் திடீரென்று உளறுகிறார், ஆள் அடையாளம் தெரியவில்லை, எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் சோடியம் இறங்கியதாகவும் இருக்கலாம். நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்களுக்கு இது அதிகம் வரும். இங்கே பிரச்சினை உப்பு குறைந்தது, நீங்களோ "உப்பு பிரச்சினை" என்று கேள்விப்பட்டு இருந்த கொஞ்சத்தையும் நிறுத்தியிருப்பீர்கள்! அதற்காக உப்பை அள்ளிப் போட்டுச் சரிசெய்யும் விஷயமும் இது இல்லை, சிலருக்கு உப்பைக் கூட்டுவார்கள், சிலருக்குத் தண்ணீரைத்தான் குறைக்கச் சொல்வார்கள், டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்துப்பு நல்லது என்று மாற்றுகிறார்கள், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான். கடையில் விற்கும் "குறைந்த சோடியம்" உப்பில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். கிரியேட்டினின் கூடியவர்களுக்குப் பொட்டாசியம் ஏறுவது இதயத் துடிப்பையே குழப்பிவிடக்கூடிய ஆபத்து. ஆகவே டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

ஆக, எந்த ரிப்போர்ட்டானாலும் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "டாக்டர், எந்த டெஸ்ட்டில் கூடியிருக்கு? இப்போ எவ்வளவு? போன தடவை எவ்வளவு?" அந்த வரியைப் பேனாவால் வட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம்.

டாக்டரிடம் நாம் சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. "மயக்கமா இருக்கு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு சுற்றுவதும் மயக்கம், எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பிக் கீழே விழுவதும் மயக்கம், பசியில் கை நடுங்குவதும் மயக்கம், மாத்திரை போட்டுத் தூக்கக் கலக்கமாக இருப்பதும் மயக்கம். டாக்டருக்கு இவை ஐந்தும் ஐந்து வேறு பாதைகள். படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது என்றால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைப் பார்ப்பார், எழுந்தால் இருட்டுகிறது என்றால் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்ப்பார், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு வேர்த்து நடுங்கினால் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கிறதா என்று பார்ப்பார், நினைவே தப்பியது என்றால் இசிஜி எடுக்காமல் விட மாட்டார். அதனால் மயக்கம் என்ற சொல்லோடு நிறுத்தாமல் என்ன நடந்தது, எப்போது, எத்தனை நிமிடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று சொல்லுங்கள். கூட இருந்து பார்த்தவரை அழைத்துப் போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் விழுந்தவருக்கு விழுந்தது தெரியாது.

"வாயு", "கேஸ்" இவை அதைவிட ஆபத்தான சொற்கள். நெஞ்சு கரிப்பது, புளித்த தண்ணீர் எதுக்களிப்பது, சாப்பிட்டுப் படுத்தால் கூடுவது, இதெல்லாம் பெரும்பாலும் வயிற்று அமிலம். ஆனால் நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது நின்றால் விடுகிறது என்றாலோ, இடது கை, தாடை, முதுகு என்று வலி பரவினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குப்பென்று வேர்த்தாலோ சோடா குடித்துப் பார்த்து ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது மட்டுமேகூட மாரடைப்பாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் போய் "கேஸ் பிரச்சினை டாக்டர்" என்று நோயின் பெயரை நீங்களே வைத்துவிடாதீர்கள், உடம்பில் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். பெயர் வைப்பது அவர் வேலை.

நேரம் தவறவே கூடாதவை இன்னும் இரண்டு. வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் போட முடியும். அக்கி என்பது அம்மையோடு சம்பந்தமுள்ளது, சின்னம்மைக் கிருமி உடம்பிலேயே பதுங்கியிருந்து பின்னாளில் ஒரு பக்கமாகக் கொப்புளமாக வருவது. அதற்கான மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காவி பூசி அக்கி எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம், அதை டாக்டரைப் பார்த்த பிறகு செய்யுங்கள். கண்ணருகே வந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டுச் சுவர் பூராவும் "மூலம், பௌத்திரம்" என்று எழுதியிருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மூலம் என்பது ஆசனவாயில் ரத்தக்குழாய் மெத்தைகள் வீங்குவது, பௌத்திரம் சீழ் வடியும் புழை, மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவதுபோல் வலித்தால் பெரும்பாலும் வெடிப்பு. மூன்றுக்கும் சிகிச்சை வேறு. நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக ரத்தம் போனால் "எனக்கு எப்பவும் இருக்கிற மூலம்தான்" என்று தானே முடிவுகட்டக் கூடாது, குடல் புற்றும் அப்படித் தொடங்கலாம். "நீர்க்கட்டி"யும் இப்படித்தான். சினைப்பையில் ஒரே ஒரு பெரிய கட்டி இருப்பதையும் நீர்க்கட்டி என்கிறார்கள், பிசிஓடி என்று சொல்லி ஸ்கேனில் முத்துமுத்தாகத் தெரியும் சின்னச் சின்ன கருமுட்டைப் பைகளையும் நீர்க்கட்டி என்கிறார்கள். பின்னதற்குக் கட்டியை வெட்டி எடுப்பது சிகிச்சையே இல்லை, அது ஹார்மோன் பிரச்சினை.

இனி ரிப்போர்ட். தடித்த எழுத்திலோ நட்சத்திரக் குறியோடோ இருப்பதெல்லாம் நோய் என்று பயப்பட வேண்டாம், அந்த லேபின் எல்லைக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். சில எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126ம் அதற்கு மேலும், அல்லது மூன்று மாதச் சராசரி என்று சொல்கிற எச்பிஏ1சி 6.5ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய், பெரும்பாலும் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வார்கள். 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும் இனிப்பை நிறுத்திப் பெருமைப்படுபவர்களை இந்த ஏ1சி நன்றாகவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ரத்தசோகை இருந்தால் அதுவும் தப்பாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. "ரத்தம் கம்மி" என்றால் உடம்பில் ரத்தத்தின் அளவு குறைந்தது என்று அர்த்தமில்லை, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புச் சத்து குறைந்திருக்கிறது. தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குமேல் இருக்க வேண்டும், டெங்கு சமயத்தில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் எண் எவ்வளவாக இருந்தாலும் உடனே போக வேண்டும்.

தைராய்டில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். டிஎஸ்எச் கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்று நினைக்கிறோம், பெரும்பாலும் நேர் எதிர். வேலை செய்யாத ஆளிடம் மேஸ்திரி குரலை உயர்த்துவது மாதிரி, தைராய்டு சுரப்பி மந்தமானால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சைக் கூட்டும். சுரப்பி அதிகமாக ஓடினால் டிஎஸ்எச் அடிமட்டத்துக்கு இறங்கும்.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ ரிப்போர்ட்டில் "இஎஃப் 60 சதவீதம்" என்று பார்த்துவிட்டு "நாற்பது சதவீதம் இதயம் போச்சே" என்று அழுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும். 60 என்றால் அந்த எண்ணைப் பார்த்து அழ வேண்டியதில்லை. "ஹார்ட் ஃபெயிலியர்" என்றாலும் இதயம் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை, பம்ப் செய்யும் வேலையில் தடுமாறுகிறது, மருந்தோடு பல வருடம் நடமாடலாம். நின்றுபோவதற்கு கார்டியாக் அரெஸ்ட் என்று பெயர். அப்புறம் "ஆஞ்சியோ பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால் எது என்று கேளுங்கள், ஆஞ்சியோகிராம் அடைப்பைப் படம் பிடிக்கும் சோதனை, ஆஞ்சியோபிளாஸ்டி பலூனும் ஸ்டென்ட்டும் வைத்து அடைப்பைத் திறக்கும் சிகிச்சை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடைசியிலிருந்து படியுங்கள், "இம்ப்ரெஷன்" என்ற தலைப்புக்குக் கீழே இருப்பதுதான் சாரம். "கிரானிக்" என்றால் முற்றியது இல்லை, நாள்பட்டது. "ஏக்யூட்" என்றால் திடீரென்று வந்தது. "லீஷன்" என்றால் அந்த இடம் மாறுபட்டுத் தெரிகிறது, அதற்குமேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. "பினைன்" புற்று அல்லாதது, "மாலிக்னன்ட்" புற்று, இந்த இரண்டை மட்டும் தலைகீழாக்கிவிடாதீர்கள். "நெகட்டிவ்", "நான் ரியாக்டிவ்" என்றால் தேடியது கிடைக்கவில்லை, பெரும்பாலும் நல்ல செய்தி. முதுகு எம்ஆர்ஐயில் "டிஸ்க் பல்ஜ்" (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு புடைத்திருப்பது) என்று வந்தால் டிஸ்க் நகர்ந்து போய்விட்டது என்று படுக்கையில் விழ வேண்டாம், முதுகு வலியே இல்லாத நடுவயதுக்காரர்களுக்கும் அது சகஜமாகத் தெரியும். அதனால்தான் கீழே "கிளினிக்கல் கோரிலேஷன்" என்று எழுதுகிறார்கள், அதாவது ஆளையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று டாக்டருக்குச் சொல்கிறார்கள்.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று, இது எல்லோருக்கும் தெரிந்ததே. எழுத்தில் இருந்தால் ஓடி ஒரு நாளைக்கு ஒரு தடவை, பிடி இரண்டு, டிடிஎஸ் மூன்று, எச்எஸ் படுக்கப் போகும்போது, ஸ்டாட் இப்போதே. எஸ்ஓஎஸ் என்பதைப் பார்த்து அவசரச் சிகிச்சை என்று பயப்படுகிறார்கள், தேவைப்பட்டால் மட்டும் போடு என்பதுதான் அது. கண் டாக்டர் சீட்டில் மட்டும் ஓடி என்றால் வலது கண், ஓஎஸ் என்றால் இடது கண், சொட்டு மருந்து விடும்போது கவனம். 5/7 என்று இருந்தால் ஐந்து நாள், 2/52 இரண்டு வாரம், 3/12 மூன்று மாதம்.

"சாப்பாட்டுக்கு முன்" என்றால் இலை போட்ட பிறகு இல்லை. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாதிரி மாத்திரைகள் அரை மணி நேரம் முன்பு, தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போட்டால் சத்து சரியாக ஏறாது. அது சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிடாதவருக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு இருக்கலாம், உடனே போங்கள். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, தலைவலி மாத்திரை என்று தனித்தனியாக வாங்கினாலும் பலவற்றில் இருப்பது அதே பாராசிட்டமால். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும், படியுங்கள். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம்தான் மேல்வரம்பு, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதைவிடக் குறைவு.

சரவாங்கி என்று சொல்கிற முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் உண்டு. மாத்திரை வாங்கும்போதே எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு, "திங்கள் மட்டும்" என்பதுபோல் டப்பாவின்மேல் தமிழில் பெரிதாக எழுதி, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் தனியாக வைத்துவிடுங்கள். மறுநாள் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை பார்க்க அதே மாதிரி மஞ்சளாகவே இருக்கலாம், அந்த டப்பாவிலும் கிழமையை எழுதுங்கள்.